பேரில்லாத இரண்டு கட்டைவிரல்கள்

வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான், இந்த மத்தியானம் முழுக்க எனக்கு வேறு வேலையே கிடையாது, போலீஸ் ரேகைப் பிரிவு ஆபீஸ் வராந்தாவில் ஒரு கால் குட்டையாய்ப் போன இந்த மர பெஞ்சில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், கொஞ்சம் அசைந்தாலும் பெஞ்சு டொக்கென்று ஒரு பக்கம் சாய்கிறது, அதனால் அசையவும் கூடாது. காஜா வக்கீல் போகும்போது கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பிச் சொன்னார், "ஏட்டி இசக்கி, ஒன்னய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், எனக்குக் கோர்ட்டுல வாய்தா இருக்கு, அந்த அம்மா உள்ள ரேகையப் பாத்துக்கிட்டு இருக்காவ, அவ்வொ வெளிய வந்தாலும் சரி, ஒன் பக்கத்துல வந்து நின்னாலும் சரி, ஒங்க அண்ணன் பேர நீ சொல்லப்பிடாது, அழப்பிடாது, கால்ல விழப்பிடாது, முடிவு தெரிஞ்சதும் எனக்கு ஒரு போனு, அம்புட்டுதான்." நான் உடனே அவர் குரலிலேயே "அம்புட்டுதான்" என்றேன், கடைசி எழுத்தை அவர் மாதிரியே பல்லுக்குள் கடித்து, அவர் சிரிக்கவில்லை, சிரிக்கிற நாளா இது. என் அண்ணன் சுடலைமணி ஏசி மெக்கானிக், இப்போது லாக்கப்பில் இருக்கிறான், அம்மா ஸ்டேஷன் வாசலிலேயே கிடக்கிறாள். ஸ்டேஷன் ரோட்டு மருந்துக்கடையின் பின்பக்க ஜன்னலில் சாய்வாகச் செருகியிருக்கும் கண்ணாடிப் பட்டைகளை எவனோ ஒவ்வொன்றாய் உருவி வைத்துவிட்டு உள்ளே இறங்கிக் கல்லாவைத் துடைத்து எடுத்துப் போயிருக்கிறான், உருவிய பட்டை ஒன்றில் ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது, அது என் அண்ணனுடைய கட்டைவிரல் என்று இந்த ஆபீஸில் ரேகை பார்க்கிற ஆவுடையப்பன் சார் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடையில் ஏசி கழுவப் போயிருந்தாலாவது அன்றைக்குப் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம், இவனோ அந்தக் கடைப் பக்கமே போனதில்லை என்று முதல் அடியிலேயே சொல்லிவிட்டான். ஆகவே அந்த ஒரு விரல்தான் எல்லாம். உள்ளே அதே ரேகையை இரண்டாவது தடவை பார்க்கிற அந்த அம்மாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் ஜெயில். இல்லை என்று சொன்னால் வீடு.

பல்லியாவது நாக்கை மடித்து வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும், நான் அப்படிப் பிறக்கவில்லை. சத்தம் காதில் விழுந்தால் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, பிறகு அரிக்கிறது, வெளியே விட்டால்தான் அடங்கும், போனில் வரும் அக்கா "நீங்கள் அழைத்த வாடிக்கையாளர்" என்று மூக்கில் இழுப்பது, டவுன் பஸ் கண்டக்டர் "உள்ள போ உள்ள போ, பின்னால குடித்தனமா நடக்கு" என்று எரிந்து விழுவது, ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தர் மேடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் "ஸோ" என்று தொடங்கி மூச்சை உள்ளே இழுப்பது, எல்லாம் என்னிடம் இருக்கிறது. எஸ்தர் மேடம் குரலில் ஒரு நாள் ஆபீஸ் கிளார்க் கிருபாகரனுக்குப் போன் போட்டேன், பிளஸ் டூ கணக்குப் பரீட்சையைத் தள்ளி வைக்கச் சொல்லி. "ஸோ, கிருபாகரன், நான் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசறேன்." அன்றைக்கு என் குரல் சரியாகவே அமையவில்லை, பாதியில் கட்டை தட்டிவிட்டது, எஸ்தர் மேடத்துக்கு வராத ஒரு கரகரப்பு, மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா, "மேடம், சளி பிடிச்சிருக்கா, துளசி போட்டு ஆவி பிடிங்க மேடம்." நான் சொல்ல வேண்டிய பொய்யை அவரே எனக்காகச் சொல்லிக் கொடுத்தார்! பரீட்சை தள்ளிப்போனது. அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த வித்தையின் சூட்சுமம் புரிந்தது, குரல் பாதி சரியாக இருந்தால் போதும், பேரை முதலில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், பேர் போய் உட்கார்ந்துவிட்டால் மீதியைக் கேட்கிறவர்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள், ஒட்டாத இடத்துக்கெல்லாம் அவர்களே ஒரு சளியையோ டவர் கோளாறையோ கண்டுபிடித்து ஒட்டிவிடுவார்கள். அம்மா ஒருத்தியைத்தான் ஏமாற்ற முடிந்ததில்லை, எந்தக் குரலில் பேசினாலும் முடிக்கும்போது என் மூக்கில் ஒரு சின்ன 'க்ர்' வந்துவிடும், அடக்கிய சிரிப்பு, பன்றிக்குட்டி மாதிரி, அது வந்ததும் "போனை வைய்யிட்டி சவத்து மூதி" என்பாள். மற்ற எல்லாம் அச்சு அசலாக இருக்கட்டுமே, அந்த ஒன்று அம்மாவுக்குப் போதும்.

ஆவுடையப்பன் சாரையும் நான் பிடித்துவிட்டேன், நேற்று ஒரு தடவை கேட்டதிலேயே. பெரிதாக்கிய இரண்டு படங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு காஜா அண்ணனுக்கு விளக்கினார், நான் பின்னால் நின்றேன், "இங்க பாருங்க வக்கீல் சார், இது கண்ணாடியில கெடச்சது, இது பையன்கிட்ட மையில எடுத்தது, ரெண்டுலயும் சுழி ஒரே பக்கம் சாயுதா, சரி, சுழி சாயறது ஊர்ல பாதிப் பேருக்குச் சாயும், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, வரிய வச்சுத்தான் சொல்லணும், இந்தா, இந்த வரி இங்க நின்னு போவுது, இங்கயும் நிக்குது, இந்த வரி ரெண்டாப் பிரியுது, இங்கயும் பிரியுது, நடுவுல குட்டியா ஒரு புள்ளி, இங்கயும் புள்ளி, இதுக்கு மேல என்ன சார் வேணும்?" ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் ஒரு பொட்டு, பார்ப்பதற்கு அம்மை போட்ட விரல் மாதிரி இருந்தது. எனக்கும் ஒரே விரலாகத்தான் தெரிந்தது. காஜா அண்ணன்தான் பேனா முனையை வைத்து "இது என்ன சார்?" என்றார். சுழிக்குக் கீழே ஒரு இடம், அண்ணன் விரலில் ஒரு வரி அங்கே கவட்டை மாதிரிப் பிரிந்து போகிறது, கண்ணாடியில் இருந்ததில் அந்த வரி பிரியாமல் நேரே போய்விட்டது. சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது கண்ணாடி ஈரம் சார், அழுத்துனதுல ரெண்டு வரியும் ஒட்டிக்கிடுச்சு." துளசி போட்டு ஆவி பிடிங்க மேடம். எனக்கு அங்கேயே கிருபாகரன் குரல் கேட்டுவிட்டது, சத்தியமாகக் கேட்டது, சிரிக்கக் கூடாத இடத்தில் மூக்கில் 'க்ர்' என்று வந்து, ஆவுடையப்பன் சார் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பொய் சொல்லவும் இல்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கண்ணாடி ரேகையைப் போட்டுத் தேடியபோது அது கிட்டத்தட்ட ஒத்துப்போகிற சில பேரை வரிசையாக எடுத்துக் கொடுத்திருக்கிறது, அந்த மெஷினுக்கு யாரென்று தெரியாது, இவனாயிருக்கலாம் இவனாயிருக்கலாம் என்று நீட்டத்தான் தெரியும், முடிவு மனுஷன்தான் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் என் அண்ணன் பேர் முதலில் இருந்தது, எப்போதோ கிரிக்கெட் மேட்ச்சில் ஸ்டம்பைப் பிடுங்கி அடித்துக்கொண்டதற்காக இரண்டு டீமையும் ஸ்டேஷனில் உட்கார வைத்து ரேகை எடுத்திருந்தார்கள். சார் லென்ஸைக் கையில் எடுக்கும் முன்னமே இன்ஸ்பெக்டர் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம், "அண்ணாச்சி, அந்த ஏசிக்காரப் பயதான், ஏற்கெனவே அடிதடிக் கேஸு உள்ளவன், ஏணி வச்சிருக்கான், ஜன்னல்ல ஏறத் தெரிஞ்சவன், சீக்கிரம் பாத்து அனுப்புங்க." பேர் முதலில் போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு என்ன, கண்ணாடிக்குச் சளி பிடித்துவிட்டது.

அதனால்தான் இன்றைக்கு வேறு மாவட்டத்திலிருந்து இந்த அம்மாவை வரவழைத்திருக்கிறார்கள், காஜா அண்ணன் மனுப்போட்டு மன்றாடிக் கேட்டதில், ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பேர் தமயந்தியாம். அவரிடம் பேர் கிடையாது, கேஸ் கிடையாது, ஆவுடையப்பன் சார் என்ன சொன்னார் என்பது கிடையாது, சிவப்புப் பொட்டு எதுவும் வைக்காத படங்கள் மட்டும், அதுவும் அண்ணனுடைய ஜோடியை வேறு சில ஜோடிகளோடு சேர்த்துக் கலந்து கொடுத்திருக்கிறார்கள், அவற்றில் சில ஏற்கெனவே விடை தெரிந்தவை, எது நிஜக் கேஸ், எது சும்மா சோதிக்க வைத்தது என்று அவருக்குத் தெரியாது. காலையில் இந்த விஷயத்தைக் கேட்டபோது எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. பேரே சொல்லாமல் ஒரு குரலைக் கேட்கக் கொடுக்கிறார்கள்! அப்படி ஒருத்தர் உட்கார்ந்து கேட்டால் என் பிழைப்பே நாறிப்போயிருக்கும். இந்தக் கட்டடத்தில் சுடலைமணி என்ற பேர் நுழையாத மண்டை அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் இருக்கிற ஒரே ஒரு மண்டைதான், அதற்குள் பேர் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஆனால் என் கை என்னவோ பாவாடைப் பைக்குள் போனைத் தடவிக்கொண்டே இருக்கிறது. எதிர்ச் சுவரில் ஆபீஸ் தொலைபேசி எண் பெரிதாக எழுதியிருக்கிறது. காலையில் டி.எஸ்.பி. இந்த வராந்தா வழியாகப் போனார், யாரையோ பார்த்து "என்னய்யா, ஃபைல் நகருதா, இல்ல தூங்குதா" என்றார், வயிற்றிலிருந்து வருகிற குரல், ஒவ்வொரு சொல்லின் வாலையும் மிதித்துக்கொண்டு நடக்கும், கேட்ட உடனே பிடித்துவிட்டேன், தொண்டையில் தயாராக உட்கார்ந்திருக்கிறது. ஒரு போன் போட்டால் போதும். "நான் டி.எஸ்.பி. பேசறேம்மா, அந்த ரேகை, நம்ம பையன் இல்லைன்னு ஆகிப்போச்சு, வேற ஆள் மாட்டிட்டான், சும்மா பாத்துட்டு இல்லைன்னு எழுதிருங்க." எவ்வளவு சுலபம். எவ்வளவு சுலபமாக அந்த அம்மா நம்புவார், பேரை முதலில் சொல்லிவிடுவேனே. அப்புறம் அவர் படத்தைப் பார்ப்பார், ஒத்துப்போகிற இடத்துக்கெல்லாம் ஒரு சளி கண்டுபிடிப்பார், ஆவுடையப்பன் சார் செய்ததையே மறுபக்கமாகச் செய்வார், என்னால் செய்வார், இருந்த ஒரே சுத்தமான கண்ணிலும் நான்தான் மண் அள்ளிப் போட்டிருப்பேன். போனைப் பைக்குள்ளேயே கவிழ்த்துப் போட்டேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பெஞ்சு டொக்கென்றது.

அவன்தானாக இருந்தால்? இதோ வந்துவிட்டது, காலையிலிருந்து இந்த நினைப்பு வாசல் வரைக்கும் வருவதும் நான் விரட்டுவதுமாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவன் நேரம் கழித்துத்தான் வந்தான், பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் கம்ப்ரசர் வேலை என்றான், சாப்பாடு வேண்டாம் என்றான், நான் அவன் முதலாளி குரலில் "ஏல சுடல, பில்லு எங்கல?" என்று கதவுக்குப் பின்னால் நின்று கத்தினேன், எப்போதும் எகிறிக் குதிப்பவன் அன்றைக்கு "சும்மா கெடட்டி" என்று சொல்லிப் படுத்துவிட்டான், ஏன் படுத்தான், களைப்பா, வேறு ஏதாவதா, கம்ப்ரசர் வேலைக்குச் சாட்சி யாரும் இல்லை, அந்த வீட்டுக்காரர் துபாய் போய்விட்டார், போன் எடுக்கவில்லை. நேற்று லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் விரல்களைப் பார்த்தேன், மை போகவில்லை, பத்து விரலும் கருத்துப்போய், அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு கொண்டு போயிருந்த தேங்காயெண்ணெயைக் கம்பி வழியாக அவன் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவப் பார்த்தாள். அம்மாவின் கட்டைவிரலோ வழுவழுவென்று இருக்கும், இத்தனை வருஷம் பீடி சுற்றியதில் ரேகை முழுக்கத் தேய்ந்துபோய், ரேஷன் கடை மெஷினில் வைத்தால் அது ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு போட்டுத் துப்பிவிடும், "ஆச்சி, ஒங்களுக்குக் கையே இல்லைங்கு மெஷினு" என்பான் கடைக்காரன், அந்தக் குரலும் என்னிடம் இருக்கிறது. ரேகையே இல்லாத விரல் ரேகையில் மாட்டிக்கொண்ட விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்போது அவன் என்னைப் பார்த்து "ஏட்டி, நான் எடுக்கலட்டி" என்றான், அவ்வளவுதான் சொன்னான், சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை. நான் அந்தக் குரலை ராத்திரி முழுக்கத் தொண்டைக்குள் ஓட்டிப் பார்த்தேன், 'எடுக்கலட்டி', 'எடுக்கலட்டி', பொய் சொல்லும்போது அவனுக்கு 'ட்டி' கொஞ்சம் நீளும், சின்ன வயதிலிருந்தே, சீடையைத் தின்றுவிட்டுத் திங்கவில்லை என்று சொன்ன காலத்திலிருந்தே, இதில் நீண்டதா நீளவில்லையா, சொல்லச் சொல்ல அது என் குரலாகிவிட்டது, அவன் குரல் கலைந்துபோய்விட்டது, எனக்கே தெரியாமல் போய்விட்டது. நானும் பேரை முதலில் வைத்துக்கொண்டுதானே கேட்கிறேன், அண்ணன் என்ற பேரை. என் காதை நம்ப முடியாது. சரி, ஒன்று முடிவு பண்ணிக்கொள்கிறேன், அவன் விரல்தான் என்றால் அவன் விரல்தான் என்றே வரட்டும், ஆனால் விரலைப் பார்த்து வரட்டும். பேரைப் பார்த்து வரக் கூடாது. அதற்கு மட்டும் நான் விட மாட்டேன்.

பச்சைத் திரை விலகியது. குள்ளமான அம்மா, காட்டன் சேலை, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார், இரண்டு கண்ணும் வெங்காயம் நறுக்கியது மாதிரிச் சிவந்திருந்தன, நேராகத் தண்ணீர் கேனுக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பியவர் வேறு நாற்காலி இல்லாததால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், பெஞ்சு டொக். "ஐயோ, என்ன கண்ணு, இந்த பெஞ்சு ஊஞ்சலாட்டம் ஆடுது" என்றார். ஈரோடு! அப்படியே தேனில் முக்கி எடுத்த மாதிரி, எனக்கு நாக்கு துறுதுறுத்தது. "ஏங்கண்ணு, பள்ளிக்கூடம் போலீங்களா? யாரப் பாக்க வந்தே?" இதற்குத்தான் பயந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் சந்தேகம் வரும், திறந்தால் அண்ணன் வந்துவிடுவான், ஆகவே வேறு ஒரு ஆளைத் திறந்துவிட்டேன், காலையில் கீழே பார்த்த எஸ்.ஐ. மகள், மூக்கைத் தூக்கிக்கொண்டு பேசுகிறவள், "டாடிக்கு லஞ்ச் குடுக்க வந்தேன் ஆன்ட்டி, டாடி மீட்டிங்ல இருக்காங்க, ரொம்ப போர் ஆன்ட்டி." அந்த அம்மா சிரித்துவிட்டு ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார், கண்ணில் விடுகிற மருந்து, மூடியைத் திருகி அண்ணாந்து விட்டுக்கொண்டார், இரண்டு சொட்டும் கன்னத்தில் விழுந்தன. "காலையிலிருந்து வரி வரியாப் பாத்துப் பாத்து இப்பச் செவுத்தப் பாத்தாலும் வரியாத் தெரியுது. கண்ணு, சித்த நீ ஊத்தி விடறயா?" குப்பி என் கைக்கு வந்தது. அவர் தலையைச் சுவரில் சாய்த்து இமையை விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டார். இந்தக் கண்தான். இதே கண்தான், இவ்வளவு நேரம் என் அண்ணன் கட்டைவிரல்மேல் வரி வரியாக நடந்து போயிருக்கிறது, அல்லது இனிமேல் போகப்போகிறது, பழுப்பு நிறக் கண்பாப்பா, ஓரத்தில் ஒரு சிவப்பு நரம்பு, அதில் குனிந்திருக்கும் என் முகம் சின்னதாகத் தெரிகிறது. சொல்லித் தொலைக்க வேண்டும்போல இருந்தது, அந்தக் கண்ணுக்குள்ளேயே சொல்ல வேண்டும்போல, அவன் பாவம், அவன் ஏணி வைத்திருப்பது வேலைக்கு, அவன் எடுக்கவில்லை என்று சொன்னான். பல்லைக் கடித்தேன். ஒரு சொட்டு. இமை துடித்தது. அடுத்த கண். ஒரு சொட்டு. "மூடிக்கோங்க ஆன்ட்டி, ரெண்டு நிமிஷம் தொறக்காதீங்க." அவர் கண்ணை மூடிக்கொண்டு "உம்" என்றார், மருந்து கண்ணீர் மாதிரி இரண்டு பக்கமும் வழிந்தது.

அப்போதுதான் வராந்தாக் கோடியில் ஏட்டு வேலாயுதம். நல்ல மனுஷன், அதுதான் ஆபத்து. நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று பார்த்துவிட்டு எங்கேயோ போய்ப் பேப்பரில் வடை பொதிந்து எடுத்துக்கொண்டு சிரித்தபடி வருகிறார், வரும்போதே வாயைத் திறக்கிறார், காலையிலும் இப்படித்தான் தூரத்திலிருந்தே "ஏ சுடலைமணி தங்கச்சி, சாப்புட்டியாளா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார், இப்போதும் அதையேதான் கூப்பிடப்போகிறார், அதோ, உதடு 'சு'வுக்குக் குவிகிறது. நான் யோசிக்கவே இல்லை. மாடிப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி, உள்ளங்கையைக் குவித்து, வயிற்றிலிருந்து டி.எஸ்.பி.யை வெளியே எடுத்தேன். "வேலாயுதம்! மேல வாய்யா! ஃபைல் எங்கய்யா?" வாலை மிதித்து, ஒவ்வொரு சொல்லையும். வேலாயுதத்தின் பூட்ஸ் தானாகவே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது, ஒரு சல்யூட், வடைக் கையாலேயே, பிறகு ஓட்டம், இரண்டிரண்டு படியாக, "வந்துட்டேன்யா" என்று மேலே போய்க்கொண்டே இருக்கிற குரல். மூக்கில் 'க்ர்' வந்தது, தாவணியை வாயில் திணித்துக்கொண்டேன். பக்கத்தில் அந்த அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூடிய கண்ணோடேயே, மெதுவாக, "கொரல் அருமைங் கண்ணு" என்றார். "ஆம்பளக் கொரலு, மேலதிகாரிக் கொரலு, எல்லாஞ் சரியாத்தா இருந்துச்சு. ஆனாப் பாரு, மாடியில நிக்கற ஆளு கூப்புட்டா, நா உக்காந்திருக்கற பெஞ்சு எதுக்குக் கண்ணு ஆடோணும்?" எஸ்.ஐ. மகள்கூட வர மறுத்துவிட்டாள். "அந்த ஆட்டத்துக்கு ஒரு காரணஞ் சொல்லீரலாம்னு பாத்தேன். லாரி போச்சு, காத்தடிச்சுதுன்னு. சொல்ல முடியல. ஒண்ணே ஒண்ணுக்குக் காரணஞ் சொல்ல முடியலீன்னாலும் மீதி எத்தன ஒத்துப்போனாலும் புண்ணியமில்ல." கண்ணைத் திறந்தார், ஈரமாக, என்னை உற்றுப் பார்த்தார், "நீ யாரு" என்று ஆரம்பித்தவர் சட்டென்று கையை உயர்த்தித் தன் வாயையே நிறுத்துவது மாதிரி நிறுத்திக்கொண்டார். "வேண்டாம். சொல்லாத. இங்க எனக்கு ஒருத்தரையுந் தெரியாம இருக்கறதுதா நல்லது." எழுந்தார், பெஞ்சு டொக், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரைக்குள் போய்விட்டார், திரை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

நான் கெடுத்துவிட்டேனா? பேரைச் சொல்லவில்லை, எந்த ஜோடி என்று சொல்லவில்லை, யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, திருடனின் தங்கையா கடைக்காரரின் மகளா, தெரியாது, தெரியாது, திரும்பத் திரும்ப அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். வேலாயுதம் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தார். "மேல யாருமே இல்ல பாப்பா, அய்யா பத்து மணிக்கே கலெக்டர் ஆபீஸ் போயாச்சாம்." ஐயோ போச்சு என்று நான் விழிக்க, அவரே தொடர்ந்தார், "வயர்லெஸ்ல கூப்புட்டிருப்பாவ. இந்தப் படிக்கட்டுல அப்பிடித்தான் எதிரொலிக்கும்." வாழ்க என்று நினைத்துக்கொண்டு வடையை வாங்கித் தின்றேன், ஆறிப்போய் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது, அவ்வளவு ருசி. பிறகு உள்ளே நாற்காலி நகரும் சத்தம், ஆவுடையப்பன் சாரைக் கூப்பிட்டார்கள், அவர் போனார், திரைக்குப் பின்னால் இரண்டு பேர் தணிந்து பேசும் சத்தம், தேன் குரல் கொஞ்சம், அப்புறம் ரொம்ப நேரம் எதுவுமே இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றி ஒரே இடத்தில் கிளிக் கிளிக் என்று இடறிக்கொண்டிருந்தது. இல்லை என்றால் இவ்வளவு நேரம் ஏன். ஆமாம் என்றால் இவ்வளவு நேரம் ஏன். திரை விலகி ஆவுடையப்பன் சார் வந்தார், கையில் லென்ஸ் அப்படியே இருந்தது, கீழே வைக்க மறந்துவிட்டார்போல. என் முன்னால் வந்து நின்றார். "அந்த எடம்" என்றார். தொண்டையைச் செருமினார். "வக்கீல் கேட்டாருல்லா, அந்த எடம். ஈரம்னா பக்கத்து வரியெல்லாம் கலங்கி இருக்கணும் பாப்பா. கலங்கல. ரெண்டு பக்கமும் தெளிவா இருக்கு, வேர்வைத் துளைகூடத் தெரியுது. நடுவுல அந்த வரி மட்டும் பிரியாம நேராப் போவுது. அந்த அம்மா அந்த ஜோடிய 'வேற வேற ஆளு'ன்னு எழுதி வச்சிருந்தாங்க. பேரு ஒட்டாத படத்த மறுபடி என் முன்னால வச்சாங்க, பாத்தேன். நான் எழுதுனது தப்பு. ஒங்க அண்ணன் இல்ல." லென்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டார், அது பையில் நுழையாமல் நழுவியது, பிடித்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டருக்கு நானே பேசுதேன்." அந்தக் குரலில் நேற்று இல்லாத ஒரு விரிசல் இருந்தது. என் தொண்டை வழக்கம்போல் அதை எடுத்துக்கொள்ளப் பார்த்தது, நான் கொடுக்கவில்லை. இந்தக் குரல் அவரிடமே இருக்கட்டும்.

போனை எடுத்தேன், விரல் இரண்டு தடவை தப்பாக அழுத்தியது, மூன்றாவதில் காஜா அண்ணன் எடுத்தார், பின்னால் கோர்ட்டு இரைச்சல். "அண்ணே, பொருந்தல." "யாரு?" "இசக்கி." "இது யாரு கொரலு?" நான் திரும்பச் சொன்னேன், பொருந்தல அண்ணே, அவன் இல்லைன்னு எழுதிட்டாவ, ரெண்டு பேரும். "ஏட்டி, யாரு மாதிரிட்டி பேசுத? வெளயாடாத, ஜட்ஜு வர்ற நேரம், இது ஒங்கொரல் கெடயாதே." அவருக்குக் கோபம் வந்துவிட்டது, எனக்கோ அதைவிட நன்றாகப் பேச ஒரு குரல் கிடைக்கவில்லை, எஸ்தர் மேடம், கண்டக்டர், டி.எஸ்.பி., ஒருத்தரும் கூப்பிட்டால் வரவில்லை, அத்தனை பேரும் எழுந்து போன வெறும் தொண்டையிலிருந்து மெலிசாக, நடுங்கிக்கொண்டு, நானே இதுவரை கேட்டிராத ஒன்று வந்துகொண்டிருந்தது, "நாந்தாண்ணே, சத்தியமா நாந்தான்," என்றேன், அவர் நம்பவில்லை, அழுகை வருகிற மாதிரி இருந்தது, வந்தது அழுகைதானா என்று தெரியவில்லை, மூக்கில் முட்டி, அடக்க அடக்க அடங்காமல், பன்றிக்குட்டி மாதிரி, 'க்ர்' என்று வெடித்துவிட்டது. கோர்ட்டு இரைச்சலுக்கு நடுவே காஜா அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. "சரி," என்றார், "நீதான். ஒங்கம்மைய ஸ்டேஷன் வாசல்லயே நிக்கச் சொல்லு, நான் வாரேன்."